'ரைட் ஆன் டைம்' (1989): சர்ச் குரல், இத்தாலியப் பியானோ, பிரிட்டனில் ஆறு வார முதலிடம்

#1 தட்டுச்சுழல்

காஸ்பெல் (கறுப்பின அமெரிக்கர்களின் சர்ச் இசை) வாடை அடிக்கும் யூரோடான்ஸ் (தொண்ணூறுகளின் ஐரோப்பிய நடன இசை) என்றால் பலருக்கும் டாக்டர் ஆல்பனின் 'சிங் ஹல்லெலூயா'தான் (1993) முதலில் நினைவுக்கு வரும். பல்லவியிலேயே அல்லேலூயா இருக்கிறதே. ஆனால் அந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டது அதற்கு நான்கு வருடம் முன்னால் வந்த பிளாக் பாக்ஸின் 'ரைட் ஆன் டைம்' என்பது என் கட்சி. அதில் பக்தி இல்லை, வேத வசனம் இல்லை. குரல் மட்டும் சர்ச்சில் வளர்ந்த குரல்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிளாக் பாக்ஸ் என்பது இத்தாலியில் டேனியல் டவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்ளிச்சி என்ற மூவரின் தயாரிப்புக் குழு. பாட்டின் உயிர்நாடியான குரல் 1980இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட 'லவ் சென்சேஷன்' என்ற டிஸ்கோ பாட்டிலிருந்து வெட்டியெடுத்தது. அதை எழுதித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன். பாடியவர் லோலியட்டா ஹாலோவே. ஷிகாகோக்காரர், அம்மாவோடு சர்ச்சில் பாடத் தொடங்கி, ஆல்பர்டினா வாக்கரின் கேரவன்ஸ் என்ற பெயர்பெற்ற காஸ்பெல் குழுவில் பாடி, அதன் பிறகே டிஸ்கோவுக்கு வந்தவர்.

பாட்டு 1989 செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்து ஆறு வாரம் அசையவில்லை. அந்த வருடம் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் இதுதான். எப்படிச் செய்தார்கள், ஏன் ஜெயித்தது, குரலுக்கு உரியவருக்கு என்ன ஆனது, மூன்றையும் இங்கே பேசலாம்.

#2 பன்னிரண்டு_இன்ச்

தட்டுச்சுழல் அண்ணா, ஒரு ஆட்சேபம். இது இத்தாலோ ஹவுஸ், அதாவது ஷிகாகோ ஹவுஸ் நடன இசையின் இத்தாலிய வடிவம். யூரோடான்ஸ் என்றால் ஆண் ராப் சரணம், பெண் குரல் பல்லவி, சின்த்தில் (சின்தசைசர்) வாசிக்கும், திரும்பத் திரும்ப வரும் ஒரு ரிஃப், நிமிடத்துக்கு 125 முதல் 140 அடி வரை வேகம். 'ரைட் ஆன் டைம்' சுமார் 118இல் நகர்கிறது, ராப்பே கிடையாது. அந்த அச்சை வார்த்தவர்கள் ஃப்ராங்ஃபர்ட்டின் ஸ்னாப்! குழுவினர். 1990இல் 'தி பவர்', ராப்புக்கு டர்போ பி. அதன் வேகமும் 109தான் என்பது உண்மை. ஆனால் அமைப்பு முழுதாக அதில் இருக்கிறது.

#3 தட்டுச்சுழல்

வகைப்பெயரில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வம்சாவளியைப் பாருங்கள். 'தி பவர்' பாட்டின் அந்தப் புகழ்பெற்ற பெண் குரல் முழக்கம் எங்கிருந்து வந்தது? ஜோஸ்லின் பிரவுன் 1985இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து. அதுவும் சர்ச் குரல், அதுவும் ஸாம்பிள் (பழைய பதிவிலிருந்து வெட்டியெடுத்த துண்டு). அதே சமயத்தில் இத்தாலியின் ப்ரெஷ்ஷா நகரில் ஜான்ஃபிராங்கோ போர்த்தொலொத்தி தயாரித்த 49ர்ஸ் குழுவின் 'டச் மீ', அரீத்தா ஃப்ராங்க்ளின் குரலை வெட்டிப் போட்டு, பிரிட்டனில் 3ஆம் இடம் வரை போனது. அதே போர்த்தொலொத்திதான் 1993இல் கப்பெல்லா என்ற பெயரில் 'யூ காட் 2 லெட் த மியூசிக்' கொடுத்து 2ஆம் இடம் பிடிக்கிறார். அது கலப்படமில்லாத யூரோடான்ஸ். இத்தாலோ ஹவுஸ் செய்த அதே கைகள் மூன்று வருடத்தில் யூரோடான்ஸ் செய்தன. பெயர் மாறியது, பல்லவியில் பெண் குரலை உச்சத்துக்கு ஏற்றி நிறுத்தும் முறை மாறவில்லை.

இன்னொன்று. காஸ்பெல் பெரிதாக வளர்ந்த ஊர் ஷிகாகோ. ஃப்ரான்கி நக்கில்ஸ் கையில் ஹவுஸ் இசை உருவானதும் அதே ஷிகாகோவில். ஹாலோவேயின் குரல் ஷிகாகோவில் பிறந்து, டிஸ்கோவில் பதிவாகி, இத்தாலிக்குப் போய், ஷிகாகோ பாணி தாளத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அதனால்தான் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிவதில்லை.

#4 வேலன்_மிக்ஸ்

தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம் சொல்றேன். இன்னைக்கு ஒரு பாட்டு முழுசையும் லேப்டாப்புல போட்டு நீட்டலாம், சுருக்கலாம். 1989ல நிலைமை வேற. அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள்ல பரவலா இருந்த ஸாம்ப்ளர் அகாய் எஸ்900. 12 பிட், அதிகபட்சம் 40 கிலோஹெர்ட்ஸ், நினைவகம் முழுசையும் ஒரே ஒலிக்குக் கொடுத்தாலும் முழுத் தரத்துல 12 வினாடி கூட வராது. 120 வேகத்துல ஒரு பார் (நாலு அடி) 2 வினாடி. எட்டு பார் 16 வினாடி. ஆக, ஒரு சரணம்கூட அப்படியே உள்ளே போகாது.

வழி ரெண்டு. ஸாம்ப்ளிங் விகிதத்தைப் பாதியாக்கி 20 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்தா நேரம் இரட்டிப்பாகும், ஆனா 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எதுவும் மிஞ்சாது. மூச்சுக்காற்றும் 'ஸ்' ஒலியும் செத்துப்போயி குரல் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். ரெண்டாவது வழி, முழுத் தரத்துல ரெண்டு மூணு வினாடித் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் கீபோர்டுல ஒரு கட்டையில ஏத்தி, தாளத்தோட வாசிக்கிறது. இந்த வகைப் பாட்டுகள்ல பாடகி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சுத்தியல் அடிக்கிற மாதிரி பாடுறது இதனால வந்த பாணி. இயந்திரத்தோட குறை பாட்டோட இலக்கணமா ஆயிடுச்சு.

'லவ் சென்சேஷன்' 12 இன்ச் தட்டுல வாத்தியம் இல்லாத வெறும் குரல் வடிவமும் வந்திருந்தது பெரிய விஷயம். ட்ரம்ஸும் பாஸும் கலந்த பதிவுல இருந்து வெட்டினா பழைய கிக் (பெரிய ட்ரம்மோட அடி) புது கிக்கோட மோதும். வெறும் குரல் கிடைச்சா அந்தத் தலைவலியே இல்லை.

#5 நள்ளிரவு_டிஜே

வேலன் அண்ணா, வேகத்தை மாற்றும்போது சுருதியும் சேர்ந்து நகருமே, அதைக் கணக்குப் போடுவது எப்படி? பழைய பாட்டின் குரலை 120க்குக் கொண்டுவரும்போது பியானோவோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

#6 வேலன்_மிக்ஸ்

சூத்திரம் எளிது தம்பி. புது வேகத்தைப் பழைய வேகத்தால வகுத்து, அதோட இரண்டடிமான மடக்கையை எடுத்து 12ஆல பெருக்கு. வர்ற எண்தான் செமிடோன் (கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கிற தூரம்). 112ல இருந்து 120க்குப் போனா 1.19 செமிடோன் மேல ஏறும். 100ல இருந்து 118க்குப் போனா 2.87. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள்ல பிட்ச் சறுக்கி 8 சதவீதம் வரைக்கும் போகும், அது 1.33 செமிடோன்.

இங்கே மாட்டுறது 1.19ல இருக்கிற அந்த 0.19தான். ஒரு முழு செமிடோனுக்கு மேல 19 சென்ட் (செமிடோனோட நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) தொங்குது. பியானோவை ஒரு கட்டை தள்ளி வாசிச்சாலும் அந்த 19 சென்ட் உரசிக்கிட்டே இருக்கும். குரலைத் தொடாதே, வாத்தியங்களோட மாஸ்டர் ட்யூனிங்கை 19 சென்ட் ஏத்து. பெரும்பாலான சின்த்ல அந்த வசதி உண்டு. ஹாலோவே மாதிரி குரல் ஒரு ஸ்வரத்துக்குக் கீழே இருந்து வழுக்கி மேல ஏறும். அதுக்கு ஆட்டோ ட்யூன் போட்டு நேராக்கினா சர்ச் போயிடும், செத்த குரல்தான் மிஞ்சும்.

இன்னொரு பொறி: 1980 வாக்கில் வந்த டிஸ்கோல ஆள் உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசிச்சிருப்பார், வேகம் பாருக்குப் பார் கொஞ்சம் அலையும். முழுக் குரலையும் ஒரே விகிதத்துல நீட்டினா பதினாறாவது பார்ல தாளம் விலகியிருக்கும். ஒவ்வொரு வரியையும் தனியா வெட்டி, அதோட கனமான எழுத்தைத் தாளக் கட்டத்துல உட்கார வை. வரியோட முதல் எழுத்தை இல்ல, அழுத்தம் விழுற எழுத்தை. வெட்டுன இடத்துல 5 மில்லிசெகண்ட் ஃபேட் (சத்தத்தை மெல்ல ஏத்தி இறக்குறது) கொடுத்தா 'டிக்' சத்தம் வராது. வரிக்கு முன்னால இருக்கிற மூச்சை வெட்டிடாதே. பாடகி மூச்சு இழுக்கிற ஓசை கேட்டாத்தான் அடுத்து வர்ற உச்சத்துக்குக் காது தயாராகும்.

#7 கீபோர்டு_கிளி

பியானோ பற்றி யாரும் பேசவில்லையே. இந்தப் பாட்டுகளில் பாதி மகிழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. கோர்க் எம்1 (1988) வந்த பிறகு அதன் பளிச்சென்ற பியானோ ஒலி ஐரோப்பா முழுக்கப் பரவியது. நிஜப் பியானோவின் ஆழம் அதில் இல்லை. அதுவே வசதியாகப் போயிற்று, கிளப்பின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கும்.

வாசிப்பு முறை: ஒரு பாரைப் பதினாறு கட்டமாகப் பிரித்தால் அடிகள் 1, 4, 7, 11, 14இல் விழட்டும். வலது கையில் மூன்று ஸ்வரக் கார்டு, மேல் ஸ்வரத்துக்கு ஆக்டேவ் இரட்டிப்பு. இடது கையில் வெறும் ஆக்டேவ். பெடலை அறவே தொடக்கூடாது, தொட்டால் கார்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து சேறாகிவிடும். விசை அழுத்தத்தை (1 முதல் 127 வரையான அளவில்) 100 முதல் 115க்குள் வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியாக மென்மையும் வன்மையும் காட்டினால் தாளம் நொண்டும்.

சர்ச் வாடைக்கு ஒரு சிறு வேலை உண்டு. வரி முடியும் இடத்தில் ஐந்தாம் கார்டிலிருந்து வீட்டுக்கு (பாட்டின் ஆதாரக் கார்டுக்கு) வராமல், நான்காம் கார்டிலிருந்து வாருங்கள். சி மேஜர் என்றால் எஃப் போய் சி. ஆமென் பாடும்போது வருமே, அதே நகர்வு. அதற்குள் எஃப் மேஜரிலிருந்து எஃப் மைனருக்கு ஒரு அரை பார் தொட்டுவிட்டு வந்தால் இன்னும் கனியும். ஆனால் எல்லா வரியிலும் இதைச் செய்யாதீர்கள். எட்டாவது பாரில் ஒரு முறை போதும்.

#8 அல்டோ_அக்கா

ஸாம்பிள் இல்லாமல் நாமே கூட்டுக்குரல் பதிவு செய்வதானால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

காஸ்பெல் கூட்டுக்குரல் பெரும்பாலும் மூன்று பாகம்தான்: சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), அல்டோ (தாழ்ந்த பெண் குரல்), டெனார் (உயர்ந்த ஆண் குரல்). பாடல்குழுவில் இருப்பதுபோலத் தனியாக பாஸ் வரி எழுதினால் அது பாஸ் கிட்டாரோடும் கிக்கோடும் அடித்துக்கொள்ளும். மூன்று பாகமும் நெருக்கமாக, ஒரு ஆக்டேவுக்குள் அடங்கட்டும். சொப்ரானோ வழக்கத்தைவிட உயரத்தில், வாய் முழுக்கத் திறந்து நெஞ்சுக்குரலில் பாட வேண்டும். தலைக்குரலில் மெல்லிசாகப் பாடினால் அது கிறிஸ்துமஸ் கீதம் ஆகிவிடும், காஸ்பெல் ஆகாது.

மூன்று பாடகர்கள், பாகத்துக்கு நான்கு டேக் (ஒரு தடவை பாடிப் பதிவது ஒரு டேக்), ஆகப் பன்னிரண்டு ட்ராக். முதல் இரண்டு டேக்கை மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் எடுங்கள், அடுத்த இரண்டை ஒரு மீட்டர் தள்ளி நிற்க வைத்து எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் எடுத்தால் பன்னிரண்டு பேர் நிற்பதாகக் கேட்காது, ஒரே ஆள் தடித்துப்போன மாதிரி கேட்கும்.

மெய்யெழுத்துகள்தான் எதிரி. பன்னிரண்டு 'ஸ்', பன்னிரண்டு 'ட்' பன்னிரண்டு இடத்தில் விழுந்தால் ஆலங்கட்டி மழை சத்தம் வரும். பாகத்துக்கு ஒரு டேக்கில் மட்டும் 'ஸ்', 'ட்' முழுசாக இருக்கட்டும், மற்றவற்றில் சொல்லின் கடைசியை விழுங்கிப் பாடச் சொல்லுங்கள். உயிரெழுத்துகளை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஆ' என்று ஒருத்தரும் 'ஓ' கலந்த 'ஆ' என்று இன்னொருத்தரும் பாடினால் சுருதி சரியாக இருந்தும் பிசகு போலத் தெரியும். பலர் இதைச் சுருதிக் குறை என்று நினைத்து ட்யூனிங் மென்பொருளில் மணிக்கணக்காக மெனக்கெடுகிறார்கள். சீர் செய்ய வேண்டியது வாயின் வடிவத்தை.

கைத்தட்டல் 2, 4ஆம் அடிகளில். ஆறு முதல் எட்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று 10 முதல் 25 மில்லிசெகண்ட் முன்பின் தள்ளி. எல்லாம் ஒரே புள்ளியில் விழுந்தால் ட்ரம் மெஷினின் கிளாப் போலாகிவிடும்.

#9 வேலன்_மிக்ஸ்

அக்கா சொன்னதோட மிக்ஸ் எண்களையும் சேர்த்துக்கிறேன். கூட்டுக்குரல் முழுசுக்கும் 150-180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. பியானோவும் குரலும் 300 ஹெர்ட்ஸ் பக்கம் முட்டிக்கும், பியானோவுல அங்கே 2-3 டெசிபல் குறை. ரிவெர்ப் (எதிரொலி) 2 வினாடி, ஆனா அதுக்கு முன்னால 31 மில்லிசெகண்ட் இடைவெளி கொடு. 120 வேகத்துல அது ஒரு அடியோட பதினாறுல ஒரு பங்கு. இந்த இடைவெளி இல்லாட்டி குரல் பின்வரிசைக்குப் போயிடும். பல்லவியில மட்டும் ரிவெர்ப்பை ஏத்து, சரணத்துல உலர்ந்தே இருக்கட்டும். பல்லவி பெருசாத் தெரிய முக்கியக் காரணம் சரணம் சின்னதா இருக்கிறது.

#10 பன்னிரண்டு_இன்ச்

குரலுக்கு உரியவர் பற்றித் தட்டுச்சுழல் அண்ணா கேட்டதற்கு வருகிறேன். வீடியோவிலும் பிபிசி தொலைக்காட்சியின் டாப் ஆஃப் த பாப்ஸ் மேடையிலும் வாயசைத்தவர் கத்ரீன் கினோல் என்ற மாடல். அன்றைய தொலைக்காட்சியில் வாயசைப்பு சர்வ சாதாரணம்தானே? அதை மட்டும் சிலர் பெரிய துரோகமாகப் பேசுவது சரியா?

#11 அல்டோ_அக்கா

சொந்தப் பதிவுக்குத் தானே வாயசைப்பது வேறு தம்பி. ஹாலோவே நாற்பதைத் தாண்டிய பாடகி. அவர் தொண்டையிலிருந்து வந்ததை, அவர் பெயரே தெரியாத கோடிக்கணக்கான பேர் இன்னொரு முகத்தோடு சேர்த்து மனதில் பதித்துக்கொண்டார்கள். சால்சோல் தரப்பு உரிமைப் பிரச்சினை கிளப்பிய பிறகு, அதே வரிகளை ஹீதர் ஸ்மால் என்ற ஆங்கிலேயப் பாடகியை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிந்தார்கள். அவர் பின்னாளில் எம் பீப்பிள் குழுவின் குரலாகப் புகழ்பெற்றார். இந்தப் பாட்டில் அவர் பெயரும் முன்னால் வரவில்லை.

இதோடு முடியவில்லை. 1990இல் வந்த 'ட்ரீம்லேண்ட்' ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் மார்த்தா வாஷ். 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடிய வெதர் கேர்ள்ஸ் இருவரில் ஒருவர், அவரும் சர்ச்சில் பயின்றவர். அவர் பெயரும் இல்லை, அவர் பாட்டுக்கும் கினோல்தான் வாயசைத்தார். அமெரிக்காவின் ஹாட் 100 தரவரிசையில் 'எவ்ரிபடி எவ்ரிபடி' 8ஆம் இடம், 'ஸ்ட்ரைக் இட் அப்' 8ஆம் இடம். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த சி+சி மியூசிக் ஃபாக்டரி பாட்டிலும் பல்லவி அவர் குரல், திரையில் வேறு முகம். மார்த்தா வாஷ் வழக்குப் போட்டார், சமரசம் ஆனது. ஆர்சிஏ இசை நிறுவனம் அவரோடு தனி ஒப்பந்தம் செய்து 1993இல் அவர் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. சும்மா கிடைத்ததல்ல, கேட்டு வாங்கியது.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அதே 'லவ் சென்சேஷன்' குரலை அமெரிக்க ராப் பாடகர் மார்க்கி மார்க் 1991இல் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் எடுத்தபோது, லோலியட்டா ஹாலோவே பெயர் அட்டையில் இருந்தது, வீடியோவில் அவரே பாடினார். அது அமெரிக்காவில் முதலிடம் போனது. பெயர் போட்டதால் ஒரு பிரதிகூடக் குறைவாக விற்கவில்லை.

#12 பன்னிரண்டு_இன்ச்

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. மார்க்கி மார்க் உதாரணத்துக்கு எதிராக வாதமே இல்லை.

உரிமை பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும்: ஒரு பதிவில் இரண்டு தனித்தனிச் சொத்து இருக்கிறது. பதிவு செய்த ஒலி ஒன்று, எழுதிய பாட்டு இன்னொன்று. வேறு ஆளை வைத்துத் திரும்பப் பாடினால் முதல் உரிமைக்கு அனுமதி வேண்டாம். இரண்டாவது அப்படியே நிற்கும். ஹீதர் ஸ்மால் பாடினாலும் டான் ஹார்ட்மன் எழுத்தாளர் பட்டியலில் இருப்பது இதனால்தான். "நாங்களே பாடிவிட்டோம், இனி யாருக்கும் காசு தர வேண்டாம்" என்று கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

#13 தட்டுச்சுழல்

இனி வெற்றி. கோடையில் இத்தாலி, ஸ்பெயின் கிளப்புகளில் ஓடிய பாட்டுகள் அங்கே விடுமுறைக்குப் போன பிரிட்டிஷ் இளைஞர்களோடு ஊர் திரும்புவது அந்த வருடங்களின் வாடிக்கை. 'ரைட் ஆன் டைம்' அந்த நேரத்துக்குச் சரியாக வந்தது. அது கீழிறக்கியது ஜைவ் பன்னியின் பழைய ராக் அண்ட் ரோல் கதம்பத்தை, ஆறு வாரம் கழித்து அதைக் கீழிறக்கியதும் ஜைவ் பன்னியின் இன்னொரு கதம்பம்தான். இரண்டு பழைய பாட்டுத் தோரணங்களுக்கு நடுவே இது எவ்வளவு புதிதாகக் கேட்டிருக்கும்!

மொழி ஒரு தடையாக இல்லாமல் போனதும் முக்கியம். சொற்கள் குறைவு, நீண்ட உயிரொலிகள் அதிகம். ஆங்கிலம் தெரியாதவரும் ஒரு முறை கேட்டுச் சேர்ந்து கத்தலாம். சர்ச்சில் தலைவர் ஒரு வரி பாட, சபை ஒரு சொல்லால் பதில் சொல்லும் முறை இங்கே நடனத்தளத்துக்கு இடம் மாறியது.

'சிங் ஹல்லெலூயா'வும் இதே பாடத்தைத்தான் வேறு வழியில் செய்கிறது. நைஜீரியாவில் பிறந்து, 23 வயதில் பல் மருத்துவம் படிக்க ஸ்வீடன் போய், ஸ்டாக்ஹோமின் ஆல்ஃபபெட் ஸ்ட்ரீட் கிளப்பில் டிஜே வேலை பார்த்தவர் ஆல்பன். தயாரிப்பாளர் டென்னிஸ் பாப், ஏஸ் ஆஃப் பேஸுக்கு 'ஆல் தட் ஷீ வான்ட்ஸ்' செய்தவர். சரணத்தை ஆல்பன் ஜமைக்கா பாணியில் பேச்சாக உருட்டுவார், பல்லவியைப் பெண்களின் கூட்டுக்குரல் எடுத்துக்கொள்ளும். 'இட்ஸ் மை லைஃப்' பிரிட்டனில் 2ஆம் இடம் போன அளவுக்கு இது அங்கே போகவில்லை, 16தான். ஆனாலும் காதில் நிற்பது அந்தக் கூட்டுக்குரல். வெட்டி ஒட்டிய ஒரு மகா குரலா, அடுக்கிக் கட்டிய பல சாதாரணக் குரல்களா என்பதுதான் இரண்டு பாட்டுக்கும் வித்தியாசம். எனக்கு முதலாவதுதான் உயர்வு.

#14 நள்ளிரவு_டிஜே

அக்காவுக்கு ஒரு கேள்வி. மூன்று பாடகர்கள் கிடைக்காமல் ஒரே ஒருவர்தான் கிடைத்தால் கூட்டுக்குரல் செய்ய முடியுமா? பத்து முறை பாடி அடுக்கினால் ஒரு மாதிரி பிளாஸ்டிக்காகக் கேட்கிறது.

#15 அல்டோ_அக்கா

ஒரே தொண்டை, ஒரே வாய் என்பதால் எல்லா டேக்கிலும் ஒரே அதிர்வெண்கள் குவிகின்றன, அதுதான் அந்த பிளாஸ்டிக். பழைய டேப் காலத்து வித்தை ஒன்று இதற்கு உதவும். ட்ராக்கை 2.9 சதவீதம் மெதுவாக்குங்கள், 120 என்றால் 116.6. சுருதியும் அரை செமிடோன் இறங்க வேண்டும், ஆகவே டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் நீட்டுவது) வேண்டாம், டேப் வேகம் போல மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் மேல் பாடிவிட்டு வேகத்தைத் திருப்பி ஏற்றினால் குரல் சற்று இளசாக மாறும். அடுத்த டேக்குக்கு எதிர்ப்பக்கம், 123.5இல் பாடி இறக்கினால் குரல் தடிக்கும். அரை செமிடோனுக்கு மேல் போகாதீர்கள், போனால் கார்ட்டூன் குரல் ஆகிவிடும்.

நான்கு டேக் இயல்பில், மூன்று மெதுவில், மூன்று வேகத்தில். பத்தையும் ஒரே நாளில் எடுக்காமல் காலையில் பாதி, மாலையில் பாதி எடுத்தால் இன்னும் நல்லது, தொண்டை காலையில் கொஞ்சம் கனமாக இருக்கும். டெனார் வரியை மட்டும் அவரைப் பாட வைக்காதீர்கள், சரியாகப் பாடத் தெரிந்த ஆண் ஒருவரைப் பிடியுங்கள். பெண் குரலை மென்பொருளில் இறக்கி டெனார் செய்தால் எத்தனை அடுக்கு போட்டாலும் அந்த ஒரு வரி காட்டிக் கொடுத்துவிடும்.